மூக்குத்தியைத் துடைத்துவிட்ட மென்பொருள்: பழைய போட்டோக்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

மயிலாடுதுறையில் கணவரோடு சேர்ந்து ஸ்டுடியோ நடத்தி, நெகட்டிவைப் பென்சிலால் திருத்தும் டச்சிங்கில் தொடங்கி இன்று கம்ப்யூட்டரில் பழைய படங்களைச் சீர்செய்து வரும் பெண்மணி ஒருவர் இந்த முறை பதில் சொல்கிறார்.

எங்கள் பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு படம். 1950களில் ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ, பாட்டி பின்வரிசையில் நிற்கிறார். என் பையன் செல்போன் ஆப்பில் போட்டு முகத்தைப் பளிச்சென்று ஆக்கிவிட்டான். எல்லாரும் அசந்துபோனோம். சித்தப்பா மட்டும் "இது யாரு?" என்கிறார். அவருக்குக் கண் மங்கிவிட்டதா? – கும்பகோணம் வாசகி

சித்தப்பா கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

குரூப் போட்டோவில் பின்வரிசை முகம் எவ்வளவு பெரிதாக இருக்கும்? 5 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். அதை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தாலும் முகத்தின் குறுக்கே சுமார் 118 புள்ளிகள்தான் கிடைக்கும். அதிலும் பாதி, பேப்பரின் சொரசொரப்பும் பூஞ்சைப் புள்ளியும். கண்ணிமை, புருவ முடி, உதட்டுக் கோடு எதுவும் அதில் பதிவாகவே இல்லை. இல்லாததை எந்த ஆப்பும் "மீட்க" முடியாது. அது செய்வது வேறு வேலை.

2021இல் வந்த ஜிஎஃப்பிகேன், 2022இல் வந்த கோட்ஃபார்மர் போன்ற முகச் சீரமைப்பு மென்பொருட்களைப் பழக்கியது ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகப் படங்களை வைத்து. நல்ல படத்தை வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்து, "பழையபடி கொண்டு வா" என்று திரும்பத் திரும்பப் பழக்கியிருக்கிறார்கள். மங்கலான முகம் ஒன்றைக் கொடுத்தால், இப்படி மங்குவதற்கு முன்னால் எந்த மாதிரி முகம் இருந்திருக்கும் என்று ஊகித்து, தான் கற்ற முகங்களிலிருந்து கண்ணும் மூக்கும் எடுத்து வைக்கும். ஊகம் அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து. ஃப்ளிக்கரில் படம் போட்டவர்களில் உங்கள் பாட்டி மாதிரி எண்ணெய் வைத்து இழுத்து வாரி, இரண்டு மூக்கும் குத்திக்கொண்ட காவிரிக்கரைப் பாட்டிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் மூக்கைப் பாருங்கள். மூக்குத்தி இருக்கிறதா? பெரும்பாலும் போயிருக்கும். மென்பொருளுக்கு அது தூசி. பொட்டும் பல சமயம் தூசிதான். மச்சமும் அப்படியே. பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளமாக மச்சத்தை எழுதி வைக்கிற ஊர் நம்முடையது, அதைப் போய்த் துடைத்துவிட்டால் ஆள் எப்படித் தெரியும்? அடுத்து பல் வரிசையைப் பாருங்கள். வெற்றிலைக் கறை பிடித்த, லேசாகத் தூக்கிய பல்லெல்லாம் பற்பசை விளம்பரப் பல்லாக ஆகியிருக்கும். காது தோட்டின் கனத்தில் தொங்கியிருந்தால் அது ஏறி நிமிர்ந்திருக்கும்.

என் வேலையில் நான் ஆப்பை அறவே ஒதுக்குவதில்லை. சேலை மடிப்பு, பின்னால் இருக்கும் தூண், பந்தல் கீற்று இதெல்லாம் அது செய்து கொடுத்தால் நேரம் மிச்சம். முகத்தில் மட்டும் அது செய்ததைப் படத்தின் மேல் தனி அடுக்காக (லேயர்) வைத்து, அடியில் இருக்கும் படம் நன்றாகத் தெரியும்படி அதன் அடர்த்தியை மிகக் குறைத்து, தோலின் சமதளத்துக்கு மட்டும் கொஞ்சம் விடுவேன். கண், மூக்கு, வாய் மூன்றும் பழைய ஸ்கேனிலிருந்தேதான் வரவேண்டும். மங்கலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஃபிரேம் போட ஆசைப்படாமல் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் எடுங்கள், அதே முகம் கூர்மையாகத் தெரியும். சித்தப்பாவிடம் காட்டிப் பாருங்கள்.

தாத்தா படத்துக்கு வருடாவருடம் திதியன்று மஞ்சள், குங்குமம் வைத்து வந்தோம். கண்ணாடி உடைந்த பிறகு நேரே படத்தின் மேலேயே வைத்திருக்கிறார்கள். இப்போது நெற்றி, தலைமுடி எல்லாம் திட்டுத் திட்டாகக் கறை. பஞ்சில் தண்ணீர் தொட்டுத் துடைக்கலாமா? – திருவாரூர் வாசகர்

தயவுசெய்து துடைக்காதீர்கள். தண்ணீர் தொட்டால் படத்தின் மேலே இருக்கும் ஜெலட்டின் படலம் ஊறிக் குழையும். பூஞ்சை பிடித்த இடத்தில் அது முன்பே பலம் இழந்திருக்கும். ஒரு இழுப்பில் தாத்தாவின் நெற்றி பஞ்சோடு வந்துவிடும்.

உங்கள் கறை, கம்ப்யூட்டரில் மிகச் சுலபமான கறை. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று பலர் கறுப்பு வெள்ளையிலேயே ஸ்கேன் செய்து கொண்டுவருகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது. கலரில் ஸ்கேன் செய்யுங்கள். கலர் ஸ்கேன் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனி சேனல். போட்டோஷாப்பில் சேனல் பலகையைத் திறந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். நீலச் சேனலில் மஞ்சள் கறை கன்னங்கரேலென்று இருக்கும். சிவப்புச் சேனலுக்கு வந்தால் மஞ்சளும் இருக்காது, நெற்றியில் வைத்த குங்குமமும் இருக்காது. இரண்டுமே சிவப்பு ஒளியை அப்படியே திருப்பி அனுப்புகிற நிறம், அதனால் வெளுத்த பேப்பரோடு கலந்து மறைந்துவிடும். முதல் தடவை பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி தலைமுடியில். கறுத்த முடியின் மேல் அப்பிய குங்குமம் சிவப்புச் சேனலில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் பச்சை அல்லது நீலச் சேனலை எடுத்து மேலே போட்டு, மற்ற இடத்தை மறைக்கும் மாஸ்க் வைத்து வரைந்து கலக்க வேண்டும். அங்கே குங்குமமும் கறுப்பு, முடியும் கறுப்பு. பேனா மை சிந்திய படமாக இருந்தால் கணக்கு தலைகீழ்: நீல மை நீலச் சேனலில்தான் மங்கும்.

தாத்தாவின் நெற்றியில் படம் எடுத்த அன்று இருந்த விபூதிப் பட்டையையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள். எது பிறகு வைத்தது, எது அவரே இட்டுக்கொண்டது என்று வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

2018 கஜா புயலில் கூரை போய், பீரோவுக்குள் தண்ணீர் இறங்கி, கல்யாண ஆல்பம் ஒட்டிக் கட்டியாகிவிட்டது. அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். பிரிக்க முடியுமா? – வேதாரண்யம் வாசகி

நவம்பர் 16 விடியற்காலை வீசிய அந்தக் காற்றுக்குப் பிறகு, உங்கள் பக்கத்திலிருந்து வந்த ஆல்பங்களில் பாதிக்கு மேல் இதே நிலைதான். முதலில் பிளாஸ்டிக் பையிலிருந்து வெளியே எடுங்கள். உள்ளே வேர்த்து, பூஞ்சை இன்னும் வளரும். நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல் வையுங்கள். வெயில் வேண்டாம், வெயிலில் படம் அப்பளம் மாதிரி சுருளும்.

பிரிப்பது பற்றி: ஜெலட்டின் என்பது ஒருவகைப் பசைதான். நனைந்து காய்ந்தால் எதிரே இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் ஒரு படத்தின் முகம் இன்னொரு படத்தின் முதுகில் போய் ஒட்டும். ஆகவே முதலில் தானாகப் பிரிகிற பக்கங்களை மட்டும் திறந்து, ஆல்பத்திலிருந்து எடுக்காமலேயே ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஃபிரேம் படத்தையும் அப்படியே, கண்ணாடிப் பக்கம் கீழே வைத்து ஸ்கேன் செய்யலாம். ஒன்று கவனம்: மெல்லிசாக இருக்கும் சிஐஎஸ் வகை ஸ்கேனர், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு இருப்பதை மட்டும்தான் தெளிவாக எடுக்கும். நடுவே ஒரு கண்ணாடி வந்தால் மங்கும். கொஞ்சம் தடிமனான சிசிடி வகை ஸ்கேனர் இருக்கும் கடையாகப் பாருங்கள். இப்படி ஸ்கேன் எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகுதான் ஒட்டிய கட்டியைக் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும் சோதனையே. அதையும் முதலில் முக்கியமில்லாத பந்திப் படம் ஒன்றில் செய்து பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். ஆல்பத்தின் பின்னட்டைப் பையையும், அப்பாவின் பழைய ஃபைல்களையும் துழாவிப் பாருங்கள். கல்யாண ஆல்பம் கொடுத்த ஸ்டுடியோக்காரர் நெகட்டிவ்களையும் கவரில் போட்டுக் கொடுத்திருக்க வாய்ப்பு உண்டு. நெகட்டிவ் கிடைத்தால் இந்த ஆல்பத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் யார் வீட்டிலும் நடக்கலாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். படங்கள் நனைந்துவிட்டால், ஒட்டிக் காய விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, சேறு போகச் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி வெள்ளைப் பருத்தித் துணியில் பரப்பிக் காயவிடுங்கள். முகத்தை விரலால் தொடக்கூடாது. உடனே முடியாவிட்டால் சுத்தமான தண்ணீரிலேயே போட்டு வைக்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

படம் இனிமேல் கெடாமல் இருக்க லேமினேஷன் செய்துவிடலாமா? – சீர்காழி வாசகர்

கூடாது. சூட்டில் ஒட்டியதை யாராலும் திரும்ப உரிக்க முடியாது. நகலை லேமினேஷன் செய்யுங்கள், அசலை விட்டுவிடுங்கள்.

1983இல் எங்கள் கல்யாணம். அப்போதே கலர் ஆல்பம் என்று பெருமை. இன்று எல்லாப் படமும் செங்காவி பூசியதுபோல் இருக்கிறது. ஆனால் அதற்கு முப்பது வருடம் முந்தைய என் மாமியாரின் கறுப்பு வெள்ளைப் படம் அப்படியே இருக்கிறதே? – மன்னார்குடி வாசகி

உங்கள் மாமியார் படம் வெள்ளித் துகளால் ஆனது. உங்கள் படம் சாயத்தால் ஆனது. கலர் பிரிண்டில் சயான் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று சாயம் அடுக்கடுக்காக இருக்கும். அந்தக் காலத்துப் பேப்பர்களில், ஆல்பத்தை மூடி இருட்டில் வைத்திருந்தாலும் சயான் முதலில் வெளுக்கும். அது வெளுத்தால் மிஞ்சுவது சிவப்பு. வெயில் படவே இல்லையே, பீரோவில்தானே இருந்தது என்று பலர் ஆதங்கப்படுவார்கள். பீரோவின் புழுக்கமே போதும்.

சரிசெய்யலாம், அநேகமாக நன்றாகவே வரும். போட்டோஷாப்பில் கறுப்பு, வெளுப்பு அளவை மாற்றும் லெவல்ஸில் சிவப்புச் சேனலைத் தனியாக எடுத்து அதன் கறுப்பு முனையை உள்ளே இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு ஒரு அளவுகோல் தேவை. நான் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை நம்ப மாட்டேன், அது சந்தன நிறம், வெள்ளையே இல்லை. பின்னால் நிற்கிற மாமா கட்டியிருக்கும் பருத்தி வேட்டியைப் பார்ப்பேன். கறுப்புக்குத் தலைமுடி. இரண்டும் நேரானால் மற்றதெல்லாம் தன்னால் நேராகும், மணப்பெண்ணின் மஞ்சள் பூசிய முகத்தைத் தவிர. அதை அதிகமாக நேராக்கினால் மஞ்சள் போய்விடும். அது படத்தின் குறை இல்லையே, அன்றைக்குப் பூசிக் குளித்த மஞ்சள்.

அம்மாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைக் கலராக்கினேன். புடவை நீலமாக வந்தது. அம்மா கட்டியது கூறைப்புடவை, அரக்குச் சிவப்பு. கறுப்பு வெள்ளையின் அடர்த்தியை வைத்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? – மயிலாடுதுறை வாசகி

முடியாது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் என்பது பதிவாகும், என்ன நிறம் என்பது பதிவாகாது. போதாக்குறைக்கு, பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு கண்ணே தெரியாது. அதில் குங்குமப் பொட்டு கறுப்பாக விழும், அரக்குப் புடவை கறுப்புப் புடவையாக விழும். மென்பொருள் அந்தக் கறுப்பைப் பார்த்து நீலம் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. முகூர்த்தத்துக்கு எந்தப் பெண் கருநீலம் கட்டுவாள் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நம் ஊர்க்காரர் என்பதால் உங்களுக்குச் சுலபம். கூறைநாட்டில் நெய்த, பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட பழைய புடவை உறவில் யாரிடமாவது இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வாருங்கள். கட்டத்தின் அளவையும் கோட்டின் நிறத்தையும் அதிலிருந்து எடுத்துக் கையாலேயே போட்டுவிடலாம். அம்மாவின் புடவையே பெட்டியில் இருந்தால் பேச்சே இல்லை.

தாத்தாவின் கண்ணாடி நெகட்டிவை ஸ்கேன் செய்து கொடுத்தார்கள். படத்தில் பூணூல் வலது தோளில் இருக்கிறது. பக்கத்தில் பாட்டியின் மடிசார் தலைப்பும் இடது தோளில். ஏதோ கோளாறு என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. – திருவிடைமருதூர் வாசகர்

நெகட்டிவை முன்பக்கம் பின்பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிவிடுங்கள், தீர்ந்தது. படம் எடுத்தது திதியன்று என்றால் மட்டும் பூணூல் வலது தோளில் இருக்க நியாயம் உண்டு. தாத்தா அன்றைக்கு ஸ்டுடியோவுக்குப் போயிருக்க மாட்டார்.

புடவைத் தலைப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று எங்கள் கடைப் பையன்களிடம் சொல்வேன். ஐயர் வீட்டு மடிசாரில் தலைப்பு வலது தோளில் வரும், ஐயங்கார் வீட்டில் இடது தோளில். இதைத் தெரியாமல், "தலைப்பு தப்பான பக்கம்" என்று சரியான படத்தைத் திருப்பி வைத்துவிட்டால் ஒரு குடும்பமே மாறிப்போகும். கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், பின்னால் தொங்கும் காலண்டர் எழுத்து, இப்படி இரண்டு மூன்று சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படமே இல்லை. தனித்தனிப் படத்தைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். அது பொய்ப் படம் ஆகாதா? – நாகப்பட்டினம் வாசகர்

செய்துகொள்ளுங்கள். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. பின்பக்கத்தில், எந்த வருடம், எந்த இரண்டு படத்திலிருந்து சேர்த்தது என்று பென்சிலால் எழுதி வையுங்கள், உங்கள் பேரப் பிள்ளைகள் குழம்பாமல் இருப்பார்கள். இரண்டு முகத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிற படங்களாகத் தேடுங்கள். அப்பாவுக்கு எழுபது வயதுப் படமும் அம்மாவுக்கு இருபத்தைந்து வயதுப் படமும் கொண்டுவந்து சேர்க்கச் சொல்வார்கள் சிலர். அதை மட்டும் நான் செய்ய மாட்டேன்.

டச்சிங் என்றாலே பொய் என்று நினைக்கவேண்டாம். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுத்த லின்னேயஸ் ட்ரைப், தன் காகித நெகட்டிவ்களில் வண்ணம் தீட்டி வெறும் வானத்தில் மேகங்களை வரவழைத்தவர். எங்கள் ஸ்டுடியோவில் டச்சிங் மேசை ஜன்னலோரம் இருந்தது. சாய்ந்த பலகை, நடுவே ஒரு ஓட்டை, கீழே வெளிச்சத்தை மேலே அனுப்பும் கண்ணாடி. நெகட்டிவின் மேல் பென்சில் பிடிப்பதற்கான மருந்தை ஒரு துளி தடவிக் காயவிட்டு, உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்போம். நெகட்டிவில் நான் வைக்கிற கறுப்பு, பிரிண்டில் வெளுப்பாகும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே குழி எல்லாம் இப்படித்தான் போயின. அதனால் ஸ்டுடியோவில் எடுத்த உங்கள் தாத்தா பாட்டி படங்களில் பலவும் ஏற்கெனவே ஒருமுறை சீர்செய்தவைதான். எங்கள் ஆட்கள் ஆளை எதிரே உட்கார வைத்துப் பார்த்தவர்கள் என்பதுதான் வித்தியாசம்.

மாமனார் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் படத்திறப்பு. அவர் போட்டோ எடுத்துக்கொள்ளவே மாட்டார், வாக்காளர் அட்டை மட்டும்தான் இருக்கிறது. – பட்டுக்கோட்டை வாசகர்

அட்டைப் படம் அச்சுப் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் சல்லடை தெரியும். அது கடைசி வழியாக இருக்கட்டும். கூட்டுறவு வங்கிப் பாஸ்புக், ஓய்வூதியப் புத்தகம், பேரப் பிள்ளைகளின் காதுகுத்து ஆல்பம், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் இன்றே பாருங்கள். சிங்கப்பூர், பினாங்கு என்று போன சொந்தம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு போன் போடுங்கள். இங்கே ஓதம் ஏறிக் கரையான் தின்ற படத்தின் இன்னொரு பிரதி அங்கே நல்லபடியாக இருக்கும். படம் கிடைத்ததும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் செல்போனிலேயே எடுக்கலாம். திண்ணை நிழலில், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே சாயாமல் பிடிக்கவேண்டும். பளபளப்பு அடித்தால் போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் ஃபைல். "தானாகச் சரிசெய்" என்பதற்கெல்லாம் எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பத்து நாள் இருக்கிறது என்றால் தாராளமான நேரம். முதல் நாள் சாயங்காலம் கொண்டுவந்து காலையில் ஃபிரேமோடு வேண்டும் என்று நிற்காதீர்கள், அவ்வளவுதான்.